தாத்தாவின் பாக்கி நோட்டு

நீலகிரி மலையில் ரயில் ஏறியது 1899இல். மேட்டுப்பாளையத்தில் புறப்பட்ட வண்டி குன்னூரோடு நின்றுவிடும்; ஊட்டி வரை தண்டவாளம் போய்ச் சேர 1908 ஆனது. அந்தக் காலத்தில் வெள்ளைக்காரர்களின் தபாலைச் சுமந்துகொண்டு மலை ஏறி இறங்கியவர்களில் ஒருவர் முத்துசாமி முதலியார். தபாலோடு வெண்ணெயும் கொண்டுவந்து தரும்படி துரைமார் கேட்டுக்கொண்டார்கள். கொண்டுவந்து கொடுத்தார். பிறகு ஓர் ஆங்கிலேயர் நடத்திவந்த வெண்ணெய் வியாபாரத்தையே வாங்கி, 1905இல் மலையிலேயே சொந்தக் கடை போட்டார். ‘நீல்கிரீஸ்’ கடை பிறந்த விதமாகச் சொல்லப்பட்டுவரும் குடும்பக் கதை இதுதான்.

1936இல் கடை பெங்களூர் பிரிகேட் ரோட்டுக்கு வந்தது. மகன் சென்னியப்பன் காலத்தில் பாலுக்கும் வெண்ணெய்க்கும் துணையாக ரொட்டி, கேக், சாக்லேட் எல்லாம் சேர்ந்துகொண்டன. வாடிக்கையாளரே கூடை எடுத்துக்கொண்டு வேண்டியதைப் பொறுக்கிக்கொள்ளும் கடைகளை அமெரிக்காவில் பார்த்துவிட்டு வந்தவர், 1971இல் தன் கடையையும் அப்படியே மாற்றினார். நாட்டின் முதல் சூப்பர்மார்க்கெட்டுகளில் அது ஒன்று. 1970களில் நீல்கிரீஸ் தொடங்கிவைத்த கேக் கண்காட்சி, கிறிஸ்துமஸ் நெருங்கும்போது பெங்களூர்க்காரர்கள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய் வரிசையில் நிற்கும் ஆண்டு வழக்கமாகவே ஆகிவிட்டது. 2006இல் ஆக்டிஸ் என்ற முதலீட்டு நிறுவனம் 65 சதவீதப் பங்கை வாங்கியது. 2014இல் ஃப்யூச்சர் குழுமம் ஏறக்குறைய 300 கோடி ரூபாய்க்குக் கம்பெனியைத் தன்வசமாக்கியது. ஒரு நூற்றாண்டு ஒரே குடும்பத்தின் கையில் இருந்த தொழில் இப்படி வெளியாரிடம் போய்ச் சேர்ந்தது.

ஆண்டு தெரிகிறது, சதவீதம் தெரிகிறது, விலை தெரிகிறது. மலைப்பாதையில் நடந்த அந்த மனிதர் மட்டும் இதில் தென்படவில்லை. வெண்ணெய் வியாபாரத்தை வாங்கும் பணத்தை அவர் எப்படிச் சேர்த்தார்? பால் கொடுத்த மாட்டுக்காரர்கள் யார்? வெண்ணெய் கெட்டுப்போன வாரத்தில் நஷ்டத்தை யார் தாங்கினார்கள்? ஒரு கம்பெனியை விலை பேசும்போது நாலைந்து வருட வரவு செலவைப் புரட்டிப் பார்ப்பார்கள். வெண்ணெய் கடைந்தவர்களைப் பற்றிக் கேட்பது வழக்கமில்லை. அதைக் கேட்க வேண்டியவர்கள் பேரன் பேத்திகள்.

தொழிலை உண்டாக்கிய தாத்தாவை நினைப்பதில் தமிழ்க் குடும்பங்களிடம் அன்புக்குக் குறைவே கிடையாது. கல்லாவுக்கு மேலே மாலை போட்ட படம் இருக்கும். காலையில் ஷட்டரைத் தூக்கியதும் முதல் ஊதுபத்தி அந்தப் படத்துக்குத்தான். வருடம் தவறாமல் திதி கொடுப்பார்கள், கடைக்கும் அவர் பெயரே இருக்கும். ஆனால் அவர் எப்படித் தொழில் செய்தார் என்று கேட்டால் இரண்டு வாக்கியத்தில் பேச்சு முடிந்துவிடும்: ‘கையில காசில்லாம வந்தாரு. உழைச்சு முன்னுக்கு வந்தாரு.’ ஒரு மனிதரின் ஐம்பது வருட உழைப்பை இந்த இரண்டு வாக்கியத்துக்குள் அடக்கிவிடுவது அவருக்குச் செய்யும் மரியாதை ஆகாது. அவர் போட்ட கணக்கும், கொடுத்த கடனும், பட்ட நஷ்டமும் எழுதி வைக்கப்பட வேண்டும். பெங்களூரின் ஸ்ரீராம்புரம் போன்ற பேட்டைகளில் அதைச் செய்வதற்கு இன்னும் கொஞ்ச காலம்தான் மிச்சம் இருக்கிறது.

மல்லேசுவரத்துக்கும் ராஜாஜிநகருக்கும் நடுவே, ரயில் பாதையை ஒட்டிக் கிடக்கிறது ஸ்ரீராம்புரம். ஜோலார்பேட்டையிலிருந்து பெங்களூர் கண்டோன்மென்டுக்கு ரயில் வந்தது 1864இல். வேலூர், திருவண்ணாமலை, தர்மபுரிப் பக்கத்து ஜனங்களுக்கு அதிலிருந்து பெங்களூர் ஓர் இரவுப் பயணத்துக்கும் குறைவான தூரமாகிவிட்டது. 1884இல் தொடங்கிய ஆலை பின்னாளில் பின்னி மில் என்று பேர் பெற்றது. ராஜா மில், மினர்வா மில் என்று இன்னும் சில ஆலைகள் இந்த வட்டாரத்தைச் சுற்றி எழுந்தன. 1898இல் நகரத்தைப் பிளேக் ஆட்டிப்படைத்தபோது, வசதியாக இருந்தவர்களுக்காக மல்லேசுவரமும் பசவனகுடியும் திட்டம் போட்டு அமைக்கப்பட்டன. ஆலைச் சங்கு காதில் விழும் தூரத்தில் குடியேறியவர்களுக்கு அப்படி யாரும் திட்டம் போட்டுக் கொடுக்கவில்லை. குறுகலான தெருக்களில் ஒட்டி ஒட்டிக் கட்டிய வீடுகள். வீட்டின் முன்னறையே கடை.

மைசூர் சமஸ்தானத்தின் தொழிலாளர் வாழ்க்கையைப் பற்றி ஜானகி நாயர் எழுதிய ‘மைனர்ஸ் அண்ட் மில்ஹேண்ட்ஸ்’ என்ற ஆய்வு நூல் 1998இல் வந்தது. கோலார் சுரங்கத்திலும் பெங்களூர் ஆலைகளிலும் உழைத்தவர்களுக்கு அதில் இடம் கிடைத்தது. அந்தத் தொழிலாளிக்கு மாதம் முழுக்க அரிசி பருப்பைக் கடனுக்குக் கொடுத்துவிட்டு, சம்பள நாள் வரை காத்திருந்த மளிகைக்காரருக்கு அப்படி ஒரு நூல் இன்னும் வரவில்லை. ஆலையை ஓட்டியது முதலாளியின் மூலதனமும் தொழிலாளியின் உழைப்பும் என்று படிக்கிறோம். இருபத்தைந்தாம் தேதிக்குமேல் அந்தத் தொழிலாளியின் வீட்டு அடுப்பை எரிய வைத்தது தெருமுனைக் கடையின் பாக்கி நோட்டு. நகரத்தின் பொருளாதாரத்தில் அதற்கும் ஒரு பங்கு உண்டு என்று எண்ணிப் பார்த்தவர்கள் குறைவு.

அந்த நோட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். நீளவாக்கில் கட்டிய நோட்டு. முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி, அதன் கீழே ‘லாபம்’. ஒரு வீட்டுக்கு ஒரு பக்கம். வீட்டுத் தலைவரின் பெயர் தெரியாவிட்டால் அடையாளம்: பம்பு வீட்டம்மா, ரெண்டாவது ஷிப்ட்காரர், மாடி வீடு. பற்று ஒரு பக்கம், வரவு ஒரு பக்கம். ஒரு வீட்டில் கல்யாணம் வந்தது, பிரசவம் நடந்தது, வேலைநிறுத்தம் வந்து அடுப்பு அணைந்தது எல்லாமே இந்த நோட்டில் இருக்கும். வழக்கத்துக்கு மேல் வெல்லமும் நெய்யும் போயிருந்தால் விசேஷம். மூன்று வாரமாக அரிசி மட்டும் போயிருந்தால் சம்பளம் வரவில்லை. சுழித்து அடித்த கணக்குகள் சில உண்டு. வசூலானதால் அடித்தவை சில, வசூலாகாது என்று தெரிந்து அடித்தவை சில. ஒரு கடைக்காரரின் குணத்தை அறிய இந்த இரண்டாவது வகையைப் பார்த்தாலே போதும்.

சீட்டும் இதோடு சேர்ந்ததுதான். வங்கிப் படியேற முடியாதவர்களுக்கு மூலதனம் கொடுத்தது ஏலச்சீட்டு. தையல் மெஷின், மாவு மில்லுக்கு மோட்டார், மகளுக்கு நகை, எல்லாமே சீட்டெடுத்து வாங்கியவை. 1982இல் மத்திய அரசு சீட்டு நிதிச் சட்டம் கொண்டுவந்தது. அதற்கு முன்பும் பின்பும் தெருவுக்குத் தெரு நடந்த சீட்டுகள் நாணயத்தை மட்டுமே நம்பி ஓடின. நாணயம் தவறியபோது குடும்பங்கள் உடைந்ததும் உண்டு. தாத்தா நடத்திய சீட்டு நல்லபடியாக முடிந்ததா, கவிழ்ந்ததா, கவிழ்ந்தபோது எதை விற்று அடைத்தார் என்ற விவரம் அவருடைய தொழில் வரலாற்றில் மாலைக்குப் பின்னால் மறைய வேண்டியதில்லை.

பேரன் தாத்தாவின் தொழிலை நினைவில் வைப்பதற்கு நல்ல முன்மாதிரி ஒன்று சென்னையில் இருக்கிறது. காஞ்சிபுரத்து நெசவுக் குடும்பத்தைச் சேர்ந்த நல்லி சின்னசாமி செட்டியார் 1928இல் தியாகராய நகரில் பட்டுக்கடை தொடங்கினார். அவருடைய பேரன் குப்புசாமி செட்டியார் 1940இல் பிறந்தவர். 1956இல், மீசை அரும்பும் வயதில், கடைப் பொறுப்பு அவர் தோளில் ஏறியது. தாத்தா தொடங்கியதை ஊர் ஊராகக் கிளை பரப்பினார்; பெங்களூரிலும் அந்தப் பெயர்ப்பலகை உண்டு. 2003இல் பத்மஸ்ரீ, 2025இல் பத்மபூஷண். இந்தக் கட்டுரைக்கு இவற்றைவிட முக்கியமானது அவர் எழுதியது. கடையை நடத்திக்கொண்டே தமிழில் ஏராளமான புத்தகங்களை எழுதியிருக்கிறார். வியாபாரிக்கு எழுத்து எதற்கு என்று அவர் ஒதுங்கவில்லை. அதனால்தான் அந்தக் கடையின் பெயரோடு அதை உண்டாக்கியவரின் பெயரும் பேசப்படுகிறது.

முதல் தலைமுறை சேர்க்கும், இரண்டாவது காக்கும், மூன்றாவது கரைக்கும் என்று ஒரு பேச்சு உண்டு. பேரன்மார் இதைக் கேட்டுக் கேட்டே குற்றவாளியைப் போல வளர்கிறார்கள். நல்லியின் மூன்றாவது தலைமுறை அதைப் பொய்யாக்கியது. கரைவது பேரனின் ஊதாரித்தனத்தால் மட்டும் என்று நினைப்பதும் தவறு. ஸ்ரீராம்புரத்துக் கடைகளைக் கரைத்தது ஆலைகளின் மூடல். ராஜா மில் நின்ற மண்ணில் 2010இல் மந்திரி மால் திறந்தது. பின்னி மில் இருந்த இடத்தில் அடுக்குமாடிகள் எழுந்துவிட்டன. 2014 மார்ச் 1ஆம் தேதி சம்பிகே ரோட்டிலிருந்து பீண்யா வரை மெட்ரோ ஓடத் தொடங்கியபோது ஸ்ரீராம்புரத்துக்கு என்றே ஒரு நிலையம் கிடைத்தது. மால் அங்கிருந்து ஒரே ஒரு நிறுத்தம். மாதச் சம்பளத்துக்காகக் காத்திருந்த வாடிக்கையாளர் போய்விட்ட பிறகு, பாக்கி நோட்டை நம்பி நடந்த கடை எத்தனை நாள் நிற்கும்? பேரன் கணினி வேலைக்குப் போனது துரோகமல்ல. தாத்தா ஊரை விட்டு ஆலைக்கு வந்தாரே, அதே கணக்குதான்.

இந்த நினைவுகளில் இன்னொரு பெரிய ஓட்டையும் உண்டு. ‘தாத்தா கடை’ என்கிறோம். விடியற்காலையில் மாவு அரைத்தது யார்? மதியம் தாத்தா சாப்பிட்டுக் கண்ணயர்ந்தபோது கல்லாவில் உட்கார்ந்தது யார்? முதல் சரக்கு வாங்க அடகு போனது யாருடைய வளையல்? பாட்டியின் பெயர் பங்குதாரர் பத்திரத்திலும் இல்லை, விற்பனை வரிப் பதிவிலும் இல்லை. பெயர்ப்பலகையில் தேடவே வேண்டாம். அன்பாகக் கொண்டாடுகிற இடத்திலேயே இந்த மறதி ஆழமாகப் படிந்திருக்கிறது.

சட்டம் மெதுவாகத்தான் விழித்தது. பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் மகனைப் போலவே பங்கு என்று தமிழ்நாடு 1989இலும் கர்நாடகம் 1994இலும் திருத்தம் செய்தன. நாடு முழுமைக்குமான திருத்தம் 2005 செப்டம்பர் 9 முதல் நடைமுறைக்கு வந்தது. அந்தத் தேதியில் தந்தை உயிரோடு இருந்திருக்க வேண்டுமா என்ற வழக்கு பல நீதிமன்றங்களில் இழுபட்டு, தேவையில்லை என்று உச்ச நீதிமன்றம் 2020 ஆகஸ்டில் வினீதா சர்மா வழக்கில் தீர்த்து வைத்தது. காகிதத்தில் பேத்தி இப்போது பங்குதாரி. நல்லி குடும்பத்தில் ஐந்தாவது தலைமுறையான லாவண்யாதான் அந்த வீட்டிலிருந்து தொழிலுக்கு வந்த முதல் பெண். அவ்வளவு பெரிய கடையிலேயே அதற்கு ஐந்து தலைமுறை ஆனது என்றால், பேட்டைக் கடையின் பேத்தி இன்னும் எவ்வளவு தூரம் வர வேண்டியிருக்கிறது! அவள் வந்து உட்காரும்போது, அந்த இடத்தில் தனக்கு முன்பே பாட்டி உட்கார்ந்திருந்தாள் என்பது அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டாமா?

பெங்களூர்த் தமிழர்களில் எல்லோருக்கும் முன்னே நினைக்கப்பட வேண்டிய வியாபாரி ஆற்காடு நாராயணசாமி முதலியார். 1827இல் பிறந்து 1910இல் மறைந்தவர். எளிய நிலையிலிருந்து வியாபாரத்தில் உயர்ந்து, 1873இல் ஏழைப் பிள்ளைகளுக்கு இலவசப் பள்ளி தொடங்கினார். அல்சூர் ஏரிப் பக்கம் இன்றும் ‘ஆர்.பி.ஏ.என்.எம்.’ என்ற எழுத்துகளோடு கல்வி நிலையங்கள் நடக்கின்றன. ராய் பகதூர் ஆற்காடு நாராயணசாமி முதலியார் என்பதன் சுருக்கம் அது. தினமும் அந்த வாசலைக் கடக்கும் மாணவர்களில் அந்த எழுத்துகளை விரித்துச் சொல்லக்கூடியவர்கள் எத்தனை பேர்? கடைகள் மறைந்த பிறகும் பள்ளி நிற்கிறது, அது பெரிய பேறு. ஆனால் தானம் மட்டும் நிலைத்து, அந்தத் தானத்துக்குப் பணம் சேர்த்த தொழில் மறந்துபோனால், பிள்ளைகளுக்குக் கிடைப்பது ஒரு புண்ணியவானின் படம் மட்டும்தான். ஒரு கடையை எப்படித் தொடங்குவது, விழுந்தால் எப்படி எழுந்திருப்பது என்று அந்தப் படம் சொல்லிக் கொடுக்காது.

நஷ்டத்தை மறைக்காத வியாபாரிக்கு இதே ஊரில் அருமையான உதாரணம் உண்டு. 1924இல் மையா சகோதரர்கள் தொடங்கிய சிற்றுண்டிக் கடை பின்னாளில் மாவள்ளி டிஃபின் ரூம், அதாவது எம்.டி.ஆர். ஆனது. இரண்டாம் உலகப் போரின் அரிசித் தட்டுப்பாட்டில் ரவை இட்லியைக் கண்டுபிடித்ததாகப் பேர் வாங்கிய இடம். நெருக்கடி நிலைக் காலத்தில் ஓட்டல் பண்டங்களுக்கு அரசு உச்சவரம்பு விலை வைத்தது. தரத்தைக் குறைக்க மனமில்லாமல் நஷ்டத்திலேயே பரிமாறி, அன்றன்று ஆன நஷ்டத்தைப் பலகையில் எழுதி வாசலில் வைத்தார்கள் என்பது பெங்களூரில் பலரும் சொல்லும் செய்தி. கடைசியில் ஓட்டலை மூட வேண்டி வந்தது. ஆட்களை வீட்டுக்கு அனுப்பாமல், ரவை இட்லி மாவும் மசாலாப் பொடியும் கட்டி விற்கும் தொழிலுக்குத் திருப்பினார்கள். அந்தப் பொட்டலத் தொழிலைத்தான் 2007இல் நார்வே நாட்டின் ஓர்க்லா நிறுவனம் வாங்கியது. பிறகு மறுபடி திறந்த லால்பாக் ரோட்டு ஓட்டல் மட்டும் குடும்பத்திடமே இருக்கிறது. மூன்றாம் தலைமுறை நடத்துகிறது. பொட்டலம் போன பிறகும் அந்தக் குடும்பத்திடம் ஒரு கதை மிச்சமிருக்கிறது. அதில் விழுந்ததும் சேர்ந்திருப்பதால்தான் கேட்பவர் அதை நம்புகிறார். தாத்தாக்களை வெற்றி பெற்றவர்களாக மட்டும் வரைந்து வைக்கும் குடும்பங்கள் இதை யோசித்துப் பார்க்க வேண்டும்.

விழுந்தது என்றதும் பெங்களூர்த் தமிழ் வியாபாரிகளுக்கு நினைவு வருவது 1991 டிசம்பர். காவிரி இடைக்காலத் தீர்ப்பை ஒட்டி எழுந்த கலவரத்தில் தமிழர் குடியிருப்புகளும் கடைகளும் தாக்கப்பட்டன. ஆயிரக்கணக்கானவர்கள் ஊரைவிட்டுப் போனார்கள். அதே ஆண்டு அல்சூர் ஏரிக்கரையில் திறப்பதற்காக வைக்கப்பட்ட திருவள்ளுவர் சிலை, மூடிய துணிக்குள்ளேயே 18 ஆண்டுகள் நின்று, 2009 ஆகஸ்ட் 9ஆம் தேதிதான் வெளிச்சம் கண்டது. சிலையின் கதை செய்தித்தாள்களில் இருக்கிறது. கடைகளின் கதை வீடுகளுக்குள் இருக்கிறது. அந்த டிசம்பரில் எந்தக் கடைக்கு முன்னால் எந்தக் கன்னடக்கார அண்டைவீட்டார் காவல் நின்றார்? யார் ஷட்டரை இறக்கிவிட்டு ஊருக்குப் போய்த் திரும்பவே இல்லை? திரும்பி வந்து மறுபடி கடை திறந்தவர் முதல் நாள் யாருக்கு என்ன விற்றார்? அன்று நாற்பது வயதில் கடை நடத்தியவருக்கு இன்று எழுபதைத் தாண்டிவிட்டது. இவற்றைக் கேட்டு எழுதினால் பகையை வளர்ப்பதாகிவிடும் என்று சிலர் தயங்கலாம். அடித்தவர்களை மட்டும் நினைவில் வைத்து, காப்பாற்றியவர்களை மறந்தால்தான் பகை வளரும்.

வியாபாரி எழுதினால் எவ்வளவு கிடைக்கும் என்பதற்குத் தமிழிலேயே உலகறிந்த சான்று இருக்கிறது. புதுச்சேரியில் வியாபாரம் செய்துகொண்டே பிரெஞ்சுக்காரர்களுக்குத் துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராகவும் தரகராகவும், இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை நாட்குறிப்பு எழுதினார். கப்பல் வந்தது, துணி மூட்டை போனது, யார் யாருக்கு எவ்வளவு கொடுக்க வேண்டும், ஊரில் என்ன வதந்தி என்று எல்லாம் அதில் உண்டு. 1761 ஜனவரியில் அவர் கண்ணை மூடிய சில நாள்களில் புதுச்சேரி ஆங்கிலேயர் வசமானது. அந்தக் குறிப்பேடுகள் 1846இல் கண்டெடுக்கப்பட்டன. பதினெட்டாம் நூற்றாண்டுத் தென்னிந்தியாவை ஆராய்பவர்கள் அவற்றைப் புரட்டாமல் ஓர் அடி வைக்க முடியாது. தான் வரலாறு எழுதுவதாக நினைத்து அவர் எழுதியிருக்க மாட்டார். அன்றாடக் காரியங்களை எழுதினார், அவ்வளவுதான்.

பெரிய நிறுவனங்களுக்கு இது எப்போதோ புரிந்துவிட்டது. டாடா குழுமம் 1991இல் தனக்கென ஆவணக் காப்பகம் அமைத்தது. மும்பையில் கோத்ரெஜ் 2006இல் அமைத்தது. அமெரிக்காவின் ஹார்வர்டு வணிகப் பள்ளி, இந்தியா உள்ளிட்ட நாடுகளின் தொழிலதிபர்களை நேரில் கண்டு, வாய்மொழி வரலாறாகப் பதிவு செய்துவருகிறது. பெங்களூரில் அறிவியலாளர்களின் காகிதங்களைச் சேர்த்து வைக்க தேசிய உயிரியல் ஆய்வு மையம் 2019இல் காப்பகம் திறந்தது. மாவு மில்லுக்கும் பாத்திரக் கடைக்கும்தான் ஒன்றுமில்லை. பணம் இருந்தால்தான் இது நடக்கும் என்பதும் சரியல்ல. கோட்டையூரில் விளம்பரப் பலகை எழுதிப் பிழைத்த முத்தையா தன் கையிலிருந்து செலவழித்துச் சேர்த்த புத்தகங்களும் நோட்டீசுகளும் அழைப்பிதழ்களும்தான் 1994 முதல் சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமாக இயங்குகின்றன. ஒருவருக்கும் வேண்டாதது என்று மற்றவர்கள் எறிந்ததை அவர் பொறுக்கி வைத்தார்.

எறிவதற்குச் சட்டமே ஒரு தேதி குறித்துக் கொடுத்திருக்கிறது. சரக்கு சேவை வரிச் சட்டப்படி, ஆண்டுக் கணக்கைத் தாக்கல் செய்யவேண்டிய கடைசி நாளிலிருந்து 72 மாதம் வரை கணக்குப் புத்தகங்களைப் பாதுகாத்தால் போதும். அதன் பிறகு இடத்தை அடைக்கும் காகிதம்தான், எடைக்குப் போய்விடும். இப்போதைய பில்லின் நிலை இன்னும் மோசம். சூட்டில் அச்சாகும் அந்தத் தாள் சில வருடங்களில் வெளுத்துவிடும். பேரனின் கடையில் யுபிஐ கருவி வாங்கிய பணத்தை உரக்கச் சொல்கிறது, யாருக்கு எதற்காகக் கொடுத்தார்கள் என்பதைச் சொல்வதில்லை. அந்த விதத்தில் தாத்தாவின் பாக்கி நோட்டு பேரனின் போனைவிட அதிகம் அறிந்தது.

ஒரு பயமும் இருக்கிறது; அது நியாயமானதுதான். பழைய நோட்டில் அடுத்த வீட்டுக்காரரின் வறுமை எழுதியிருக்கும். வரிக்குக் காட்டாத விற்பனையும் இருக்கலாம். சகோதரர்கள் பிரிந்தபோது நடந்த சண்டைக்கு ஆதாரமும் அதிலேயே கிடக்கும். ஆகவே எல்லாவற்றையும் ஊரறியப் பரப்ப வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. கடன் வாங்கியவர் பெயரை மறைத்து வைக்கலாம். இத்தனை ஆண்டுக்குத் திறக்கக்கூடாது என்று நிபந்தனை போட்டு ஒப்படைக்கலாம். காப்பகங்களில் இது சாதாரண நடைமுறை. எழுதும்போது குடும்பத்தின் ஒரு கிளை மட்டும் உட்கார்ந்து எழுதாமல், பிரிந்துபோன சித்தப்பா வீட்டையும் கட்டிக்கொடுத்த அத்தை வீட்டையும் கேட்க வேண்டும். முப்பது வருடம் கூட இருந்து மூட்டை தூக்கியவரைக் கேட்பது அதைவிட முக்கியம். முதலாளியின் பிள்ளைகளுக்குத் தெரியாத முதலாளி அவருக்குத் தெரியும்.

கேட்க வேண்டியதும் பெரிய கேள்விகள் அல்ல. கடை போட்ட இடத்துக்கு முதல் மாத வாடகை எவ்வளவு? சரக்கு எங்கிருந்து வந்தது, வண்டியிலா தலைச்சுமையிலா? கன்னடம் யாரிடம் கற்றுக்கொண்டார்? யாருக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டு ஏமாந்தார்? பாட்டி எப்போது முதன்முதலாகக் கல்லாவில் உட்கார்ந்தாள்? கடையை மூட முடிவெடுத்த நாளில் வீட்டில் யார் என்ன சொன்னார்கள்? ஞாயிற்றுக்கிழமை மதியம், சாப்பாட்டுக்குப் பிறகு, போனைப் பக்கத்தில் வைத்துப் பதிவை ஓடவிட்டால் பெரியவர்கள் தாமாகவே பேசுவார்கள். பிள்ளைகள் தொழிலைப் பற்றிக் கேட்கவில்லையே என்ற ஏக்கம் அவர்களிடம் நிறையவே இருக்கிறது.

1950இல் தொடங்கப்பட்ட பெங்களூர்த் தமிழ்ச் சங்கம் இதற்குத் தலைமை ஏற்க வேண்டும். சங்கத்துக்கு நூலகம் இருக்கிறது, அரங்கம் இருக்கிறது, ஊரெங்கும் உறுப்பினர்கள் இருக்கிறார்கள். இலக்கியக் கூட்டங்களுக்கு நடுவே, பேட்டைக்கு ஒரு கூட்டமாகக் கடைக்காரக் குடும்பங்களை வரவழைத்துப் பேச வைக்கலாம். ஸ்ரீராம்புரத்தில் தொடங்கி ஓகளிபுரம், அல்சூர், சிவாஜிநகர் என்று போகலாம். பதிவான பேச்சைத் தட்டச்சு செய்யக் கல்லூரித் தமிழ்த்துறை மாணவர்கள் கிடைப்பார்கள். அதையே அவர்கள் ஆய்வேட்டுக்கு எடுத்துக்கொள்ளவும் வழி உண்டு. ஆயுத பூஜைக்குக் கடையைக் கழுவும்போது பரணில் இருந்து மூட்டைகள் இறங்கும். அதில் பழைய பேரேடோ பாக்கி நோட்டோ கிடைத்தால், எடைக்குப் போடுவதற்கு முன் பக்கம் பக்கமாகப் போனில் படம் பிடித்துவிட வேண்டும். அந்தப் படங்களை வாங்கி வைக்கச் சங்கம் தன் நூலகத்தில் ஒரு கணினியையும் ஓர் ஆளையும் ஒதுக்க வேண்டும். அடுத்த பொதுக்குழுவில் இதைத் தீர்மானமாகக் கொண்டுவர எந்த உறுப்பினரும் முன்வரலாம்.